வெட்டியவனுக்கும் வயது 17, வெட்டுப்பட்டவனுக்கும் வயது 17

நெல்லை மாவட்டத்தில் ஒரு காலனியின் படிப்பகம். மாலை நேரம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேற்படிப்பு பற்றிப் பேசத்தான் போயிருந்தோம். பேச்சு பள்ளிக்கூடச் சண்டையில் வந்து நின்றது.

"அண்ணே, வெட்டுனவனுக்குப் பதினெட்டு ஆகலைன்னா கேஸே கெடையாதாமே?" என்று ஒரு பையன் கேட்டான்.

நாங்கள் பதில் சொல்வதற்குள் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "வெட்டு வாங்குனவனுக்கும் பதினேழு வயசுதானேண்ணே? அவனுக்கு என்ன சலுகை?"

படிப்பகம் அமைதியாகிவிட்டது. நாங்களும்தான். அந்தப் பிள்ளைக்கு அன்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதிப் பதில் இது.

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு நாங்குநேரியில் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவர் ஒருவரை வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் சாதியைச் சொல்லித் தொல்லை கொடுத்தார்கள் என்று புகார் சொன்னதுதான் அந்த மாணவர் செய்த தவறு. பிடிபட்டவர்களும் சிறுவர்கள்தான், பள்ளி மாணவர்கள்.

அது முதலும் இல்லை, கடைசியும் இல்லை. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கையில் கட்டும் கயிற்றை வைத்து எழுந்த மோதலில் ஒரு மாணவர் உயிரிழந்தார். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்புப் பட்டியலின மாணவரை இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. அதிலும் பிடிபட்டவர்கள் சிறார்கள்.

ஒவ்வொரு முறையும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "சின்னப் பையன்கள், தெரியாமல் செய்துவிட்டார்கள், கவுன்சலிங் கொடுத்தால் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "வயதாவது ஒன்றாவது, பெரியவர்களைப் போல் ஜெயிலில் போடு" என்பது மற்றொன்று. முதல் குரல் நமக்குக் கோபத்தைத் தருகிறது. இரண்டாவது, பல நேரம் நம் வாயிலிருந்தே வருகிறது. இரண்டையும் நிறுத்தி வைத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம்.

கேஸ் உண்டு

அந்தப் பையன் கேட்டதற்குப் பதில்: கேஸ் உண்டு. 18 வயது ஆகாதவர்மீதும் முதல் தகவல் அறிக்கை போடலாம், விசாரிக்கலாம், குற்றவாளி என்று முடிவு செய்யலாம். விசாரிக்கும் இடமும் தண்டனையின் தன்மையும்தான் வேறு.

7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை எதைச் செய்தாலும் குற்றமாகாது. 7 முதல் 12 வயது வரை, செய்வதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் அந்தக் குழந்தைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதி இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது. 12க்கு மேல் 18 வரை உள்ளவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பிடிபட்ட 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

குற்றம் உறுதியானால் அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். அந்தக் காலத்தில் படிப்பு, தொழிற்பயிற்சி, மனநல சிகிச்சை, போதை மீட்பு என்று எதை வேண்டுமானாலும் குழுமம் உத்தரவாகப் போடலாம். அந்த உத்தரவைக் குடும்பம் விரும்பினால் ஏற்கலாம், வேண்டாமென்றால் விடலாம் என்பது கிடையாது.

2012 டெல்லிச் சம்பவத்தில் 17 வயதுடைய ஒருவருக்கு 3 ஆண்டுதான் கிடைத்தது. அந்தக் கொதிப்பில்தான் சட்டம் மாறியது. 16 வயது முடிந்து 18 ஆகாதவர் 'கொடிய குற்றம்' செய்ததாக வழக்கு என்றால், அவரைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் உடல், மனத் திறன் இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று பார்க்க வேண்டும். மாற்றலாம் என்று முடிவானால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தண்டனை கிடைத்தாலும் 21 வயது வரை பாதுகாப்பிடத்தில்தான் வைக்க வேண்டும். 21 வயதில் திருந்தியிருக்கிறாரா என்று மறுபடி பார்க்க வேண்டும். தூக்கு கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

ஒரு பிரிவு விட்டுப்போனால்

இங்கே நம் மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது.

'கொடிய குற்றம்' என்றால் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம். கொலை அதில் வரும். கொலை முயற்சிப் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் எழுதப்படவில்லை. அப்படிப்பட்ட குற்றங்கள் கொடிய குற்றத்தில் சேராது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அரிவாளால் பத்து இடத்தில் வெட்டியும் பிள்ளை உயிர் பிழைத்துவிட்டால், கொலை முயற்சிப் பிரிவை மட்டும் வைத்து முதற்கட்ட மதிப்பீடு நடக்காது.

பட்டியலினப் பிள்ளை என்று தெரிந்தே வெட்டியிருந்தால் வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2)(5) சேர வேண்டும். அந்தப் பிரிவில் தண்டனையே ஆயுள்தான். அது சேர்ந்தால் கொடிய குற்றம் என்று வாதிட இடம் வருகிறது. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது "ஏதோ பையன்கள் சண்டை" என்று எழுதிக்கொள்வதற்கும், சாதியைச் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி அந்தப் பிரிவைச் சேர்ப்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது. புகார் எழுதும் இரவில் படித்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குற்றம் சாட்டப்பட்டவர் சிறுவர் என்பதால் நம் உரிமை எதுவும் குறைந்துவிடாது. வன்கொடுமை தடுப்புச் சட்ட நிவாரணம் பாதிக்கப்பட்டவருக்கு உரியது. வெட்டியவரின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழுமத்தின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மனத்தை அளப்பவர் யார்?

மதிப்பீடு என்று சட்டம் சொல்லிவிட்டது. ஒரு பையனின் மனத்தை யார் அளப்பது? நடுவர் சட்டம் படித்தவர். சமூகப் பணியாளர் களத்தில் இருந்தவர். உளவியல் இருவருக்கும் தொழில் இல்லை.

இந்தக் கேள்வி 2017இல் ஹரியானா மாநிலம் குருகிராமில் நடந்த ஒரு வழக்கில் வந்தது. தனியார் பள்ளியில் 7 வயதுச் சிறுவன் கழுத்து அறுபட்டு இறந்துகிடந்தான். உள்ளூர்ப் போலீஸ் முதலில் பிடித்தது பள்ளிப் பேருந்தின் நடத்துநரை. ஒப்புக்கொண்டார் என்றும் அறிவித்தார்கள். பிறகு வழக்கு சிபிஐக்குப் போனது. அதே பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்த மாணவரைச் சிபிஐ பிடித்தது. நடத்துநர் விடுவிக்கப்பட்டார். ஏழைத் தொழிலாளி என்றால் எவ்வளவு சுலபமாக வாக்குமூலம் வந்துவிடுகிறது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் இதில் கவனிக்க வேண்டும்.

அந்த மாணவரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. குழுமத்தில் குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால், அப்படிப்பட்ட நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றது நீதிமன்றம். 'விளைவு புரிந்திருந்ததா' என்பதற்கு, வெட்டினால் செத்துப்போவான் என்று தெரியுமா என்பது மட்டும் பொருளல்ல. அடிபட்டவன், அவன் குடும்பம், தன் குடும்பம் எல்லோருக்கும் பின்னால் என்ன ஆகும் என்ற தொலைநோக்கும் அதில் அடங்கும் என்றும் விளக்கியது.

பதின்ம வயதில் கோபமும் துணிச்சலும் முதலில் வளர்ந்துவிடும். அவற்றுக்குப் பிரேக் போடும் மூளைப் பகுதி முதிர்வதற்கு இருபது வயது தாண்ட வேண்டும். கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்றால் அந்தப் பிரேக் இன்னும் தளரும். தனியாகப் போனால் செய்யத் துணியாததை நாலு பேரோடு போனால் செய்கிறார்கள். மருத்துவம் சொல்லும் உண்மை இது. மறுக்க வேண்டியதில்லை.

சாதி வெறி நோயல்ல

அந்த உண்மையைச் சாதி தனக்கு வசதியாக எடுத்துக்கொள்ள நாம் விடக் கூடாது. இந்தக் கட்டுரையில் நாம் அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான்.

சட்டத்தில் மனநிலை பாதிப்பு என்பதற்குத் தெளிவான பொருள் இருக்கிறது. தான் என்ன செய்கிறோம் என்றோ, அது தவறு என்றோ அறிய முடியாத நிலை அது. அந்த நிலையில் உள்ளவருக்குத் தண்டனை இல்லை, சிகிச்சைதான். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. புகார் சொன்னவன் யார் என்று தெரிந்து, அவன் தெரு எது என்று தெரிந்து, இருட்டும்வரை காத்திருந்து, அரிவாளோடு போய்க் கதவைத் தட்டுவது அந்த நிலையில் வராது. சாதி வெறியை நோய் என்று சொன்னால், கற்றுக்கொடுத்தவன் தப்பித்துவிடுவான். நோய்க்கு வாத்தியார் கிடையாது. சாதிக்கு உண்டு.

மன அழுத்தம், போதைப் பழக்கம், வீட்டில் தினமும் அடி உதை, சிறு வயதிலேயே எல்லை மீறும் நடத்தைக் கோளாறு ஆகியவை வேறு. இவை உள்ள பிள்ளைக்குச் சிகிச்சை வேண்டும், கொடுத்தாக வேண்டும். சிகிச்சை கொடுப்பதால் பொறுப்பு போய்விடாது. உண்மையில் அந்தப் பிள்ளை தன் செயலுக்குப் பொறுப்பேற்கும் நிலைக்கு வருவதற்கே சிகிச்சை தேவைப்படுகிறது. தான் வெட்டியது ஒரு மனிதனை என்று ஒரு பையனுக்கு உறைக்க வேண்டுமானால், "நாம் யார் தெரியுமா" என்று வீட்டில் ஊட்டிய பெருமையைப் பற்றியும் அந்த அறையில் பேச வேண்டும். கோபத்தை அடக்க மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு, கோபம் ஏன் ஒரு தெருவின் பக்கம் மட்டும் திரும்புகிறது என்று கேட்காமல் விட்டால், அது அரைகுறை வைத்தியம்.

பிடிபட்ட 15 நாட்களில் நன்னடத்தை அலுவலர் அந்தச் சிறுவனின் குடும்பம், பழக்கம், சூழல் பற்றி சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். கையில் கட்டிய கயிறு, ஒட்டிய ஸ்டிக்கர், பின்தொடரும் சாதிச் சங்கப் பக்கங்கள், அரிவாள் எங்கே இருந்து வந்தது என்பதெல்லாம் அந்த அறிக்கையில் வர வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வழக்கறிஞர் கேட்க வேண்டும்.

அரிவாள் எடுத்துக் கொடுத்த கை

'17 வயதுதான், 3 வருஷம்தான்' என்று தெரிந்துகொண்டு பையன்களை முன்னே விடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சட்டவிரோதச் செயலுக்குக் குழந்தைகளைப் பயன்படுத்தும் பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 83. குற்றம் செய்யக் குழந்தையை ஈடுபடுத்தினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 95. சிறுவர்கள் பிடிபடும் ஒவ்வொரு வழக்கிலும் இந்தப் பிரிவுகளில் விசாரித்தீர்களா என்று நாம் எழுத்தில் கேட்க வேண்டும். பையனை ஜெயிலில் போடு என்று முழங்குவதைவிட இந்தக் கேள்வி ஊரில் உள்ள பெரிய மனிதர்களை அதிகம் உறுத்தும்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வண்ணக் கயிறுகள் கூடாது, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. வெட்டு நடந்த பிறகு மனத்தை அளப்பதைவிட, நடக்கும் முன்பே பள்ளியில் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இருப்பது நல்லது.

நம் பிள்ளை அந்த இடத்தில் நின்றால்

இனி நம்மை நோக்கி ஒரு கேள்வி. வயதைப் பார்க்காமல் உள்ளே தள்ளு என்று நாம் கேட்கும் சட்டம், நாளைக்கு யார்மேல் முதலில் பாயும்?

நாடு முழுவதும் விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியலினத்தவர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 சதவீதம். பெரியவர்களின் சிறை இப்படி இருக்கிறதென்றால், ஜாமீன் எடுக்க ஆளில்லாத பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் விலையுயர்ந்த காரை ஓட்டி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். கட்டட அதிபரின் மகன். சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது. இரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவர்களே பிறகு கைதானார்கள்.

2022 டிசம்பர் கடைசியில் நம் செங்கல்பட்டில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் அரசு கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்டான். இரண்டொரு நாளில் பிணமாக வந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் பணியாளர்கள் 6 பேர் கைதானார்கள். இல்லங்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கும் நீதிபதி சந்துருதான் தலைவர்.

ஒருவனுக்குக் கட்டுரை, ஒருவனுக்குச் சாவு. இரண்டு பேருக்கும் ஒரே சட்டம், ஒரே வயது. அதனால்தான் சிறார்களுக்கான பாதுகாப்பைப் பிடுங்கு என்று நாம் கேட்க முடியாது. வசதி உள்ளவன் பிள்ளைக்குக் கிடைக்கும் வழக்கறிஞரும் மனநல மருத்துவரும் வசதியில்லாதவன் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும். குழுமத்தில் இலவச வழக்கறிஞர் கிடைப்பது சலுகை அல்ல, சட்டப்படி கொடுத்தாக வேண்டியது.

வெட்டுப்பட்ட பிள்ளைக்கு யார் மருத்துவர்?

இப்போது அந்தப் பெண் பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

வெட்டியவனுக்கு நன்னடத்தை அலுவலர், உளவியலாளர், சிகிச்சை உத்தரவு, 21 வயதில் மறு மதிப்பீடு என்று சட்டம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. வெட்டுப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் தையல் போடுகிறார்கள். அமைச்சர்கள் வந்து பார்க்கிறார்கள். காசோலை வருகிறது. தையல் பிரித்த நாளோடு மருத்துவம் முடிந்துவிடுகிறது.

தெருவில் பைக் சத்தம் கேட்டால் உடல் விறைக்கிறது. இரவில் இரண்டு முறை எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கத் தோன்றுகிறது. பள்ளிப் பேருந்தைக் கண்டால் வயிற்றைப் புரட்டுகிறது. மார்க் குறைகிறது. எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. பார்த்துக்கொண்டிருந்த தம்பி தங்கைக்கும் இதே நிலைதான். இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, சிகிச்சை உண்டு, குணமும் உண்டு. நம் வீடுகளில் "பயந்திருக்கான், மந்திரிச்சா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். மனநல மருத்துவர் என்றதும் "எம்புள்ளை என்ன கிறுக்கா" என்று தாய் அழுகிறார். அந்தத் தாயிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது நம் வேலை: காயம் கையில் பட்டால் கைக்கு மருந்து, மனத்தில் பட்டால் மனத்துக்கு மருந்து.

மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு விசாரணைக் காலம் முழுவதும் மறுவாழ்வு உதவி பெறும் உரிமையை 2015 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 15ஏ தருகிறது. மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் நிவாரணத் தொகை, வீடு, வேலை என்று எழுதும்போது, "பிள்ளைக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் தொடர் மனநல சிகிச்சை" என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாத மனு இனி நம் ஊரிலிருந்து போகக் கூடாது.

வெட்டியவனுக்குச் சிகிச்சை கொடுங்கள், நாம் தடுக்கவில்லை. அவன் திருந்தி வந்தால் நம் தெருவுக்கும் நல்லதுதான். வெட்டுப்பட்டவனுக்கு அதற்கு முன்னால் கொடுங்கள். வயது இருவருக்கும் 17தான்.

இந்தப் பத்தியில் எந்தப் பிள்ளையின் பெயரையும் நாம் எழுதவில்லை. சட்டத்தின் பிரிவு 74 கூடாது என்கிறது. வாட்ஸ்அப்பில் படமும் பெயரும் வந்தால், அது எந்தப் பக்கத்துப் பிள்ளையாக இருந்தாலும், நீங்களும் அனுப்பாதீர்கள்.

படிப்பகச் சுவரில் எழுதி வைக்க: குழந்தைகள் உதவி 1098. மனநல ஆலோசனை 14416. இலவச சட்ட உதவி 15100. வன்கொடுமைப் புகார் 14566. பள்ளி மாணவர்களுக்கு 14417.